இன்னொரு தாயின் பால்



ஆகஸ்ட் மாதத்தின் முதல் ஏழு நாட்கள் உலகத் தாய்ப்பால் வாரம். தாய்ப்பாலின் அருமையைச் சொல்லும் கட்டுரைகள் இந்த வாரத்தில் எல்லாப் பத்திரிகைகளிலும் வரும். அவற்றில் அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பகுதியை இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தானமாக வரும் தாய்ப்பாலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பேச்செடுத்தாலே இரண்டு கேள்விகள் வந்துவிடுகின்றன. "யாரோ ஒருத்தர் கொடுத்த பால். அதிலிருந்து பிள்ளைக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளாதா?" என்பது ஒன்று. "சூடு பண்ணித்தான் கொடுக்கிறார்களாமே, அப்புறம் அதில் என்ன சத்து இருக்கும்?" என்பது மற்றது. இரண்டும் நியாயமான கேள்விகள். முதல் பயம் தீர வேண்டுமானால் பாலை நன்றாகச் சூடாக்க வேண்டும். இரண்டாவது பயம் தீர வேண்டுமானால் சூடாக்கவே கூடாது. உலகெங்கும் உள்ள தாய்ப்பால் வங்கிகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை செய்கின்றன. அந்த வேலையைப் புரிந்துகொண்டால் நம் வீடுகளில் இருக்கும் தயக்கம் பெருமளவு தீரும் என்பது என் நம்பிக்கை.

முதலில், இந்தப் பால் யாருக்கு? நிறைமாதத்தில் பிறந்து தாயிடம் வயிறாரக் குடிக்கும் குழந்தைக்கு இது தேவையில்லை. ஏழு மாதத்திலும் அதற்கு முன்பும் பிறந்துவிடுகிற குழந்தைகளுக்குத்தான் முக்கியமாகத் தேவை. 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. 34 வாரத்துக்கு முன்பு பிறக்கும் குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் சேர்த்துச் செய்யும் பக்குவம் வந்திருக்காது. வயிற்றுக்குள் விட்ட மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் போகும். கொஞ்சம் தேறிய பிறகு பாலாடையில் புகட்டுவார்கள். பெற்றவரின் நிலையும் அப்போது சரியாக இருக்காது. ரத்த அழுத்தம் ஏறி, அவசரமாக ஆபரேஷன் நடந்து, அவர் வேறொரு வார்டில் படுத்திருப்பார். பால் ஊறிவரச் சில நாட்கள் ஆகலாம். அந்தச் சில நாட்களுக்குக் குழந்தைக்கு என்ன கொடுப்பது?

டப்பா பால் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் குறைமாதக் குழந்தையின் குடல் முற்றாத குடல். அதன் சுவர் புண்ணாகி அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாக 'நெக்' என்பார்கள். வந்தால் உயிருக்கே ஆபத்து, பிழைத்தாலும் குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரலாம். தானமாக வந்த தாய்ப்பால் குடித்த குழந்தைகளைவிடப் பவுடர் பால் குடித்த குழந்தைகளுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு முதலில் சொந்தத் தாயின் பால், அது கிடைக்காவிட்டால் தானமாகப் பெற்ற தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் வரிசைப்படுத்தியிருக்கிறது. டப்பா பாலுக்கு அதற்கு அடுத்த இடம்தான்.

அளவையும் எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு முதல் சில நாட்களில் ஒரு வேளைக்குத் தேவைப்படுவது ஒன்றிரண்டு மில்லிலிட்டர். ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. ஒரு தாய் ஒருமுறை கொடுக்கும் 100 மில்லி, அப்படிப்பட்ட குழந்தைக்கு 50 வேளைக்கு மேல் வரும்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். தொற்று வராதா?

தாய்ப்பாலில் ரத்தத்திலிருந்து வரும் சில கிருமிகள் கலந்திருக்க வாய்ப்புண்டு. எச்ஐவி அதில் முக்கியமானது. சைட்டோமெகலோ வைரஸ் என்று இன்னொன்று. பெரியவர்களில் பலருடைய உடம்பில் அது சத்தமில்லாமல் குடியிருக்கும், குறைமாதக் குழந்தைக்குள் போனால் பெரிய தொல்லை தரும். இவை தவிர, பால் எடுக்கும்போது தோலிலிருந்தும் கையிலிருந்தும் பாத்திரத்திலிருந்தும் சேரும் பாக்டீரியா. சொந்தத் தாயின் பாலில் இருக்கும் கிருமியோடு அவருடைய குழந்தைக்குப் பழக்கம் உண்டு, அதை எதிர்க்கும் சக்தியும் அதே பாலில் வருகிறது. அடுத்தவர் குழந்தைக்குக் கொடுக்கும்போது அந்தத் துணிச்சலை நாம் எடுக்க முடியாது.

அதனால் வங்கியின் வேலை பாலிலிருந்து தொடங்குவதில்லை, கொடுக்க வரும் தாயிடமிருந்து தொடங்குகிறது. அவருடைய உடல்நலத்தை விசாரிப்பார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டில் புகையிலைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை-பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும். தன் குழந்தைக்குப் போக மீதம் இருந்தால்தான் வாங்குவார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையாலோ பம்பாலோ பீய்ச்சி எடுத்த பாலில் தேதி, நேரம், அடையாள எண் எழுதிய லேபிளை ஒட்டி உடனே குளிரில் உறையவைக்கிறார்கள்.

அடுத்து நடப்பதுதான் இந்தப் பணியின் உயிர்நாடி. உறைந்த பால் ஃபிரிட்ஜில் மெதுவாக இளகுகிறது. பல வங்கிகளில் சில தாய்மார்களின் பாலை ஒன்றாகச் சேர்த்துக் கலக்குகிறார்கள். ஒருவர் பாலில் கொழுப்பு கூடியிருக்கும், இன்னொருவர் பாலில் புரதம் கூடியிருக்கும், சேர்த்தால் சமனாகும். அந்தப் பாலைச் சிறு பாட்டில்களில் ஊற்றி மூடி, வெந்நீர்த் தொட்டிக்குள் நிறுத்துகிறார்கள். தொட்டி மெல்ல ஆடிக்கொண்டே இருக்கும். வெளியே இருக்கும் நீரின் மட்டம் பாட்டிலுக்குள் இருக்கும் பாலின் மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்பில் இருக்கும் பால் சரியாகச் சூடேறாது. மற்ற பாட்டில்களில் இருக்கும் அதே அளவு பாலோடு ஒரு பாட்டிலை மட்டும் தனியாக வைத்து, அதன் நடுவில் வெப்பமானியை இறக்கியிருப்பார்கள். அந்தப் பால் 62.5 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. சரியாக 30 நிமிடம். அது முடிந்த கையோடு குளிர்ந்த நீருக்கு மாற்றி விரைவாகக் குளிர்விக்கிறார்கள். சூட்டை இறக்குவதில் தாமதமானால் இருக்கும் சத்தும் வீணாகக் குறையும், தப்பிப் பிழைத்த கிருமி ஏதாவது இருந்தால் மறுபடி பெருகவும் இடம் கிடைக்கும்.

சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டுரைசேஷனில் இதற்கு ஹோல்டர் முறை என்று பெயர். எச்ஐவியும் சைட்டோமெகலோ வைரஸும் இந்தச் சூட்டில் அழிந்துவிடுகின்றன. கொரோனா வந்தபோது அந்த வைரஸையும் சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் அழிந்தது. சாதாரண பாக்டீரியாக்களும் போய்விடும். சூட்டைத் தாங்கும் விதைபோன்ற வித்துகளை உண்டாக்கும் பேசில்லஸ் வகை மட்டும் சில சமயம் தப்பிக்கும். அதற்காகவே பாஸ்டுரைஸ் செய்த பாலிலிருந்து ஒரு துளியை எடுத்து வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். அதில் கிருமி வளர்ந்தது என்று அறிக்கை வந்தால் அந்தத் தொகுதிப் பால் முழுவதையும் கொட்டிவிடுவார்கள். ஒரு தாய் தூக்கத்தைத் தொலைத்துச் சேர்த்துக் கொடுத்த பாலைக் கொட்டும்போது அங்கே வேலை செய்பவர்களுக்கு மனசு வலிக்கும். இருந்தாலும் கொட்டுகிறார்கள். முதல் கேள்விக்கு இதைவிட உறுதியான பதில் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி. சூடாக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது?

போவதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலில் உயிரோடு இருக்கும் வெள்ளணுக்கள் போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைபேஸ் என்ற நொதி முற்றாகச் செயலிழந்துவிடும். இரும்பைப் பற்றிக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும் லாக்டோஃபெரின் என்ற புரதத்தில் பெரும்பகுதி கெட்டுவிடும். லைசோசைம் குறையும், வைட்டமின்-சி குறையும். குடலின் உட்சுவரில் படிந்து காவல் காக்கும் இம்யூனோகுளோபுலின்-ஏ என்ற எதிர்ப்புப் பொருளிலும் ஒரு பகுதி போகும்.

இருப்பவற்றையும் கேளுங்கள். அந்த இம்யூனோகுளோபுலின்-ஏயில் கணிசமான பங்கு தங்கிவிடுகிறது. லாக்டோஸ் அப்படியே இருக்கிறது. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிகோசாக்கரைடுகள் என்ற சர்க்கரைச் சங்கிலிகளைச் சூடு தொடுவதே இல்லை. தாய்ப்பாலில் இவை நூற்றுக்கு மேற்பட்ட வகைகளில் இருக்கின்றன. குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. குழந்தையின் குடலில் வளர வேண்டிய நல்ல பாக்டீரியாக்களுக்கு இவை உணவாகின்றன. கெட்ட கிருமி குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இவை தடுக்கவும் செய்கின்றன. பசும்பாலில் இவை மிகச் சொற்பம். சூடாக்கிய தானப்பாலும் நெக் நோயைக் குறைக்கிறது என்பதற்கு இப்படி மிஞ்சுகிற பொருட்களே காரணமாகக் கருதப்படுகின்றன.

கொதிக்க வைத்தால் இன்னும் பத்திரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கொதித்தால் காக்க வேண்டிய புரதங்கள் எல்லாம் கெட்டுவிடும். 62.5 டிகிரியில் நிறுத்துவது, கிருமி சாகவும் வேண்டும், பாலின் காவல் சக்தி பிழைக்கவும் வேண்டும் என்ற கணக்கில்தான்.

இந்த இழப்புகளை மருத்துவர்கள் சும்மா விட்டுவிடுவதில்லை. தானப்பாலில் வளரும் குழந்தைக்கு எடை சற்று மெதுவாகத்தான் ஏறும். அதனால் புரதமும் கால்சியமும் சேர்ந்த ஊட்டப்பொடியைப் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். பாலின் கொழுப்பு குழாயின் சுவரில் ஒட்டி வீணாகாமல் இருக்கவும் கவனம் எடுக்கிறார்கள். சிரிஞ்ச் பம்பில் வைக்கும்போது முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைத்தால், மேலே மிதக்கும் கொழுப்பு முதலில் குழந்தைக்குப் போய்ச் சேரும். இவ்வளவு சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு கிலோ எடைக் குழந்தைக்கு அந்தக் கொழுப்பு பெரிய விஷயம்.

இன்னும் நல்ல வழி கிடைக்குமா என்று விஞ்ஞானிகள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். 72 டிகிரியில் 15 விநாடி மட்டும் சூடாக்கிக் குளிர்விப்பது ஒரு முறை. சூடே இல்லாமல் அழுத்தத்தால் கிருமியைக் கொல்வது இன்னொன்று. கடலின் மிக ஆழமான பள்ளத்தில் இருக்கும் அழுத்தத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் கொடுக்கிறார்கள். பாக்டீரியாவும் வைரஸும் நொறுங்கிப்போகின்றன, லைபேஸும் லாக்டோஃபெரினும் ஹோல்டர் முறையில் மிஞ்சுவதைவிடக் கூடுதலாகத் தங்குகின்றன. புறஊதா ஒளியையும் முயல்கிறார்கள். பால் வெள்ளையாக இருப்பதால் ஒளி உள்ளே போகாது, அதனால் சுழற்றிக்கொண்டே ஒளி பாய்ச்ச வேண்டும். இவையெல்லாம் நம்பிக்கை தருகின்றன. இருந்தாலும் பெரும்பாலான கிருமிகளுக்கு எதிராக நீண்ட காலம் நிரூபிக்கப்பட்டதும், சாதாரண மருத்துவமனையாலும் நடத்த முடிவதும் ஹோல்டர் முறைதான்.

வசதி குறைந்த இடங்களுக்கும் வழி கண்டிருக்கிறார்கள். எச்ஐவி கடுமையாகத் தாக்கிய தென்னாப்பிரிக்காவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2001இல் டர்பன் நகரில் ஐதெம்பா லேத்து என்ற இல்லத்தில் ஒரு சிறு பால் வங்கி தொடங்கப்பட்டது. பேராசிரியர் அன்னா கூட்சூடிஸ் அதற்கு முன்நின்றார். அந்நாட்டில் ஆராயப்பட்ட எளிய முறை ஒன்று உண்டு. பால் இருக்கும் கண்ணாடி ஜாடியைத் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தில் நிறுத்தி அடுப்பில் வைப்பார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் ஜாடியை எடுத்துவிடுவார்கள். அதற்குள் பால் சுமார் 73 டிகிரியைத் தொட்டிருக்கும், எச்ஐவி அழிந்திருக்கும். இதைச் செய்யும்போது பாலின் சூடு சரியாக ஏறுகிறதா என்று செல்போனோடு இணைத்த வெப்பமானியில் பார்த்துக்கொள்ளும் கருவியையும் உருவாக்கினார்கள்.

தாய்ப்பால் வங்கி என்பது புதிதாக முளைத்த விஷயமில்லை. 1909இல் வியன்னாவில் முதல் வங்கி தொடங்கியது. 1980களில் எச்ஐவி பயத்தால் பல நாடுகளில் வங்கிகளை மூடினார்கள். பிரேசில் வேறு முடிவெடுத்தது. ஜுவாவ் அப்ரிஜியோ என்ற வேதியியலாளரின் முயற்சியில் பரிசோதனையையும் பாஸ்டுரைசேஷனையும் கண்டிப்பாக்கி, வங்கிகளை ஒரே வலைப்பின்னலாக மாற்றியது. அங்கே இன்று 200க்கு மேற்பட்ட வங்கிகள் இருக்கின்றன. விலை உயர்ந்த பாட்டில்களுக்குப் பதிலாக, காலியான காபித்தூள் ஜாடிகளையும் மயோனைஸ் ஜாடிகளையும் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து பயன்படுத்துகிறார்கள். சில ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் வீடு வீடாகப் போய்ப் பாலைச் சேகரித்து வருகிறார்கள்.

ஆசியாவின் முதல் வங்கி நம் நாட்டில்தான். தாராவிக்குப் பக்கத்தில் இருக்கும் மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் அதைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 2015 வாக்கில், பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்த அதே காலத்தில், அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகள் வந்தன. 2017இல் மத்திய அரசு இதற்கென்று வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது.

இவ்வளவு இருந்தும் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பாட்டி, "அடுத்தவங்க பாலையா சிஸ்டர் எம் பேரனுக்குக் குடுக்கிறீங்க?" என்று கேட்கத்தான் செய்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருக்குத் தெரிந்த கதையையே நினைவூட்டலாம். சரவணப் பொய்கையில் கிடந்த குழந்தைக்குப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அவர்களுடைய பெயராலேயே கார்த்திகேயன் என்று அவனை நாம் கும்பிடுகிறோம். இஸ்லாமியக் குடும்பங்களில் வரும் தயக்கம் வேறு வகை. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்பாகிவிடுவார்கள், பின்னாளில் அவர்களுக்குள் திருமண உறவு கூடாது என்பது அவர்களுடைய மார்க்கம். அதை மதித்து, பலருடைய பாலைக் கலக்காமல், கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பதிவு வைப்பது ஒரு வழி. கேட்பவர்களிடம் மருத்துவமனைகள் பொறுமையாகப் பேச வேண்டும். சம்மதம் கேட்டுத்தான் இந்தப் பாலைக் கொடுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலும் ஃபேஸ்புக்கிலும் "பால் வேண்டும்", "பால் இருக்கிறது" என்ற செய்திகளைப் பார்க்கிறோம். அன்பில் செய்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனையும் பாஸ்டுரைசேஷனும் இல்லாமல் கைமாறும் பாலில் மேலே சொன்ன பாதுகாப்பு ஒன்றுகூட இல்லை. பணம் உள்ளே வந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவில் இணையத்தில் விலைக்கு வாங்கிய 102 மாதிரிகளைச் சோதித்தபோது, 10 மாதிரிகளில் கணிசமாகப் பசும்பால் கலந்திருந்தது. நம் நாட்டில் தாய்ப்பாலை விற்பதற்கு அனுமதி இல்லை என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2024 மே மாதம் தெளிவாக அறிவித்துவிட்டது. ஏழைத் தாய் தன் பிள்ளைக்குக் கொடுக்காமல் விற்கும் நிலை எந்தக் காலத்திலும் வரக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. தானப்பால் சில நாட்களுக்கான துணைதான். சூடுபடாத சொந்தத் தாயின் பாலுக்கு எந்த வங்கியும் ஈடாகாது. குறைமாதத்தில் பெற்ற தாயின் சீம்பால் சில துளிதான் வரும், அதையும் விடாமல் எடுத்துக் குழந்தைக்குச் சேர்க்க வேண்டும். பிரசவமான முதல் சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தொடர்ந்தால் பால் ஊறும். அவருக்கு வேளைக்குச் சாப்பாடும் ஓய்வும், "உன்னால முடியும்மா" என்று சொல்ல ஓர் ஆளும் வேண்டும். கணவரும் மாமியாரும் அம்மாவும் அந்த வார்த்தையைச் சொன்னால் வங்கியின் பாரம் பாதி குறையும்.

வாசகிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பிள்ளை குடித்தது போக மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்கிறதா? அதைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விடாதீர்கள். அருகில் இருக்கும் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள், அவர்கள் சொல்லித்தரும்படி எடுத்துக் கொடுங்கள். உங்கள் குழந்தைக்குக் குறையாது. எடுக்க எடுக்க ஊறுவது தாய்ப்பால்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் தாய் கொடுக்க நினைத்தால் தடுக்காதீர்கள். பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு குழந்தையின் எடை நாளைக்குச் சில கிராம் கூடும்.

அன்புடன்,
ஆசிரியர்